பட்டத்தின் பின்பக்கம்

ஏட்டி,

கோட்டாற்றில், அப்பாவின் கடை இருந்த தெருவுக்கு அடுத்த சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். லேமினேஷன் மெஷின் சூடாகி, பிளாஸ்டிக் உருகுகிற அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை. உன் மேல் கோபம்தான் வந்தது. செத்து எட்டு மாதம் ஆன ஒருத்தியோடு சண்டை போட்டுக்கொண்டு நிற்கிறவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "ஒனக்குக் கோவம் பசி மாதிரில்லா மக்கா, வேளாவேளைக்கு வந்துரும்" என்பாயே, அதே கோபம்தான்.

என் கையில் இருப்பது உன் எம்.ஏ. பட்டம். கடைக்காரர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் மூன்று முத்திரைகள் இருப்பதைப் பார்த்ததும் மெஷினை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "இது ஒரிஜினலாக்கும். பிளாஸ்டிக்குக்குள்ள போட்டா பொறவு ஒரு எம்பசிக்காரனும் சீல் வைக்க மாட்டான், பாத்துக்கிடுங்க. கல்ஃப் போற ஆளுக எத்தனை பேரு இப்பிடிக் கெடுத்துக்கிட்டு வந்து நிக்காவ தெரியுமா?"

இதை இருபது வருஷத்துக்கு முன்னால் எவனாவது உன்னிடம் சொல்லியிருக்கலாம். நான் பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது. வெளியே ஆனி மாதத்து மழை. "வரட்டும், அதுக்குள்ள யோசிச்சுக்கிடுங்க" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பையில் நோட்டு இருந்தது, எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பட்டமளிப்பு விழாவில் இந்தத் தாளை வாங்கிய மறுநாளே நீ பஸ் பிடித்துக் கோட்டாற்றுக்கு வந்தாய். மணவாளக்குறிச்சியில் உன் வீடு கடலுக்கும் மணல் ஆலைக்கும் நடுவில். அந்த உப்புக்காற்றில் எந்தத் தாள் தங்கியது? ரேஷன் கார்டு நமுத்துப் போய் எழுத்து ஊறிவிட்டது, உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பூஞ்சை பிடித்துக் கணக்கு மார்க்கே தெரியவில்லை. பட்டத்தையாவது காப்பாற்றுவோம் என்று லேமினேட் செய்து, விசிறி மாதிரி வீசிக்கொண்டே எங்கள் கடைக்கு வந்தாய். அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். உனக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த வருஷம் ஓமானில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க நம் இருவருக்கும் வேலை வந்தது. நாகர்கோவில் ஏஜென்ட் உன் பட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தான். "இதென்ன, சாப்பாட்டு மேசையில விரிக்கதுக்கா? சென்னையில ஒரு சீல், டெல்லியில ஒரு சீல், எம்பசியில ஒரு சீல். மூணையும் எங்க குத்துவான், உங்க நெத்தியிலயா?" என்றான். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

அன்றைக்கு மத்தியானமே அப்பாவின் கடைக்கு மேலே மாடியில் துணியை விரித்து, நான் இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சூடு காட்ட, நீ நகத்தால் பிளாஸ்டிக்கைப் பிரித்தாய். "பைய, ஏட்டி, பைய" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். முக்கால்வாசி நல்லபடியாக வந்தது. எனக்குத்தான் பொறுமை கிடையாதே! இந்தா நான் பார்க்கிறேன் என்று மூலையைப் பிடித்து ஒரு இழு. பல்கலைக்கழகச் சின்னத்தில் பாதி பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் சிரித்துவிட்டேன். "சிரிக்கியா? சிரி. ஒனக்கு முழுசா இருக்குல்லா" என்று சொல்லிவிட்டு நீ அழுதாய். சென்னையில் அந்த அதிகாரி மூலையைத் தடவித் தடவிப் பார்த்து, கடைசியில் முத்திரை வைக்கும்வரை நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை நான் உன்னிடம் கேட்டதும் இல்லை.

அங்கே நமக்குக் கொடுத்தது முதலாண்டுப் பிள்ளைகள். பாடப்பிரிவுக்குள் போகுமுன் ஒரு வருஷம் ஆங்கிலம் மட்டும் படிக்கவேண்டியவர்கள். பதினெட்டு வயசு, ஆசை நிறைய, வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமோ என்று பயம் அதைவிட நிறைய. முதல் மாதம் நான் பேசினேன், சுவர் கேட்டது. இரண்டாம் மாதம் அப்பாவின் கடை ஞாபகம் வந்தது.

அப்பாவுக்கு நாட்டு மருந்துக் கடை என்பது உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. யார் வந்து திப்பிலி கேட்டாலும், சுக்கு கேட்டாலும், மூன்று கேள்வி கேட்காமல் பொட்டலம் மடிக்க மாட்டார். ஆருக்கு? எத்தனை நாளா? இதுக்கு முன்ன என்ன கொடுத்தீங்க? சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. "சாமானைத் தாரும் ஓய், வக்கீல் மாதிரி கேள்வி கேக்கீரு" என்பார்கள். அவர் அசையமாட்டார். அந்தக் கடையை நான் வகுப்புக்குள் கொண்டுவந்தேன். ஒருத்தருக்கு ஏதோ நோவு, இன்னொருத்தர் கடைக்காரர், மூன்று கேள்விக்குப் பதில் வராமல் மருந்து கிடையாது. ரஹ்மா என்று ஒரு பெண், இரண்டு மாதமாக உதடு பிரிக்காதவள், தன் அம்மாவின் மூட்டுவலிக்குக் கருஞ்சீரகம் எப்படிக் கொடுப்பார்கள் என்று உடைந்த ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் பேசினாள். கடைக்காரனாக நின்ற பையன் மருந்தே கொடுக்காமல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தான். வகுப்பு முடிந்த மணி யாருக்கும் கேட்கவில்லை.

பிழை திருத்துவதற்கும் எனக்கு அதே மூன்று கேள்விதான். யாரோடு பேசும்போது இந்தப் பிழை வருகிறது, எத்தனை நாளாக வருகிறது, இதற்கு முன் எவர் எப்படித் திருத்தினார். இதை எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

நமக்குள் சண்டை வந்தது அந்த இங்கிலாந்துக்காரர் வந்த வருஷம்தான். நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. புவியியலில் ஒரு பி.ஏ., அதன்மேல் ஒரு மாதப் பயிற்சிச் சான்றிதழ். நம்மோடு, நம் வகுப்புக்கே பாடம் எடுக்க வந்தார். அவருடைய பட்டத்தின் பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. நாமோ வருஷா வருஷம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடிக்கொண்டிருந்தோம். அன்றைக்குச் சாயங்காலம் உன் வீட்டு பால்கனியில் பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டே நான் கத்தினேன். நீ கத்தவில்லை. உனக்கு எப்பவும் கணக்குத்தான்.

"அவருக்குப் பாஸ்போர்ட் இருக்கு மக்கா. நமக்கும் ஒண்ணு வேணும்லா? நான் பிஎச்.டி. பண்ணப் போறேன்."

"பண்ணிட்டு? ரஹ்மா நாளைக்குக் கூடுதலாப் பேசுவாளா?"

"ரஹ்மாவுக்கு இல்லட்டி. நம்மள நிக்கவச்சுக் கேக்கானுவல்லா, அவனுவளுக்கு."

"அவனுவளுக்காக நான் ஒரு எழுத்துப் படிக்க மாட்டேன்" என்றேன். "சவத்த விடு, சாயாவைக் குடி" என்றாய். அதற்குப் பிறகு எத்தனையோ சாயங்காலம் இதே சண்டை. எனக்குப் படிப்பு பிடிக்காது என்று நீ ஒருநாளும் நினைக்கவில்லை, அதற்கு நன்றி. வேறு நிறையப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள்.

நீ சொன்னபடியே ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பதிவு செய்தாய். ஒரு பருவம் முழுக்க நோட்டை வைத்துக்கொண்டு என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய். என்னத்த எழுதுகிறாய் என்று கேட்டால், "ஒன் குத்தம் குறையெல்லாம் எழுதுகேன், போ" என்பாய். நாலு அத்தியாயம் முடித்தாய். அதன் பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள், ஊருக்குக் கூட்டிவந்தார்கள், மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை. கடைசியாக போனில் பேசினபோதும், "அஞ்சாவது சாப்டர் மட்டுந்தான் பாக்கி, கேட்டியா" என்றாய். நீ போன தகவல் வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். விமானம் கிடைத்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

அதற்கு மூன்று மாதம் கழித்து ஒரு படிவம் வந்தது. பல்கலைக்கழகத்தில் புதிய விதி. முனைவர் பட்டம்: முடித்தாகிவிட்டது, நடந்துகொண்டிருக்கிறது, இல்லை. மூன்று கட்டத்தில் ஒன்றில் குறி போடவேண்டும். 'இல்லை' என்றால் கல்வியாண்டுக் கடைசியோடு ஒப்பந்தம் முடியும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. உனக்குப் படித்துக்காட்ட ஆசையாக இருந்தது. உன் பால்கனியில் வேறு யாரோ குடும்பம் துணி காயப்போட்டிருந்தார்கள்.

துறைத் தலைவர் நல்லெண்ணத்தில்தான் கூப்பிட்டுச் சொன்னார். "எங்கேயாவது ஒரு பதிவைப் போட்டுவிட்டு, நடந்துகொண்டிருக்கிறது என்று குறித்துவிடுங்கள் சிஸ்டர். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" யோசிக்கிறேன் என்றேன். லீவு போட்டு ஊருக்கு வந்தேன்.

இனிதான் உன்மேல் எனக்குள்ள கோபம். உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நீட்டினார். உள்ளே உன் பட்டம், ஒரு பென் டிரைவ், நாலு அத்தியாயத்தின் அச்சுப்பிரதி.

"டீச்சர், இத நீங்க வச்சுக்கிடுங்க. அஞ்சாவத எழுதி ஒங்க பேர்லயே கொடுத்துருங்க. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

"அண்ணே, இது அவ உழைப்புல்லா?"

"அவளேதான் சொன்னா. ஆஸ்பத்திரியில வச்சு. 'அவ பேர்ல போனாலும் போட்டும், வேலையாவது தங்கும்'னு."

ஏட்டி, யாரைக் கேட்டு இதைச் சொன்னாய்? சாகக் கிடக்கிறபோதும் என் வேலையைப் பற்றிக் கவலைப்பட்டு வெப்ராளப்பட உனக்கு யார் உத்தரவு கொடுத்தது?

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் வாங்கிக்கொண்டேன். மூன்று நாள் வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் முதல் பக்கத்தைத் திறந்து, உன் பெயரை அழித்துவிட்டு என் பெயரை அடித்துப் பார்த்தேன். முன்னால் 'முனைவர்' என்றும் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வயசு நாற்பத்தைந்து ஆகிறது, தனி ஆள், அந்த வேலையை விட்டால் கையில் வேறு ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு நான் எங்கே போவேன் என்று உட்கார்ந்து அழுதேன். கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கொடுக்குமுன் ஒருதடவை படித்துவிடுவோம் என்று மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்ததுதான் என் நல்ல நேரம்.

அதில் 'ஆசிரியர் ஆ' என்று ஒருத்தி வருகிறாள். அவள் வகுப்பில் ஒரு மருந்துக் கடை நடக்கிறது. ஒரு பிழையைத் திருத்துமுன் அவள் மூன்று கேள்வி கேட்கிறாள். எந்த நாள் எந்தப் பிள்ளை முதல்முதலாக வாயைத் திறந்தது, என்ன சொன்னது, அதற்கு ஆசிரியர் ஆ என்ன செய்தாள் என்று பக்கம் பக்கமாக நீ எழுதிவைத்திருக்கிறாய். நானே மறந்துபோனதெல்லாம் இருக்கிறது. "ஆசிரியர் ஆ முனைவர் பட்டம் பெற்றவர் அல்லர். இந்த ஆய்வில் கண்ட வகுப்புகளில் மாணவர்கள் மிகுதியாகப் பேசியது அவருடைய வகுப்பிலேயே" என்று ஒரு வரி. கீழே ஒரு அடிக்குறிப்பு: "ஆசிரியர் ஆ-வின் குரல் பக்கத்துக் கட்டடம்வரை கேட்கும். இது கற்பித்தல் முறையின் பகுதியா, ஊர்ப் பழக்கமா என்பது மேலும் ஆராயத்தக்கது."

படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் எனக்கு மூச்சு முட்டியது. களவாணிச் சிறுக்கி! பால்கனியில் என்னோடு அத்தனை சண்டை போட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்து என் கட்சிக்கு ஆதாரம் சேர்த்திருக்கிறாய். என்னைப் பற்றி நீ எழுதியதற்கு நானே டாக்டர் பட்டம் வாங்குவதா? அதைவிட அசிங்கம் உண்டா? என் பெயரை அழித்து உன் பெயரைத் திரும்ப அடித்தேன்.

திரும்பிப் போய்ப் படிவத்தில் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டேன். துறைத் தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். வகுப்புக்கு வந்து பாருங்கள், பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்றேன். யாரும் வரவில்லை. வைகாசியில் ஒரு வரியில் கடிதம் வந்தது. அன்றைக்குக் கடைசி வகுப்பில் பிள்ளைகள் கடை வைத்து என்னையே நோயாளியாக்கிவிட்டார்கள். யாருக்கு? உனக்கா? எத்தனை நாளாக? இதற்கு முன் என்ன சாப்பிட்டாய்? ஒருவன்கூட மருந்து கொடுக்கவில்லை. அப்பா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

முனைவர் பட்டமே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதே. உன் நாலு அத்தியாயத்தைப் படித்தபிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. என் வகுப்பில் என்ன நடக்கிறது என்று எனக்கே நீதான் காட்டினாய். அது படிப்பு. அதைச் செய்கிறவர்கள் செய்யட்டும், நான் கைகூப்பிக் கும்பிடுகிறேன். ஆனால் ஒரு கட்டத்தில் குறி வாங்குவதற்காக நாலு வருஷம் படித்ததாக நடிக்கச் சொன்னால், போடா என்பேன். இங்கே ஊரில் எத்தனை பேர் பதிவோடு தீசிஸையும் சேர்த்துச் செய்து தருகிறோம் என்று போன் பண்ணினார்கள் தெரியுமா? ஒருத்தனிடம் அப்பாவின் மூன்று கேள்வியைக் கேட்டேன். இரண்டாவதிலேயே போனை வைத்துவிட்டான்.

நேற்று முன்தினம் வியட்நாமில் ஒரு பல்கலைக்கழகத்துக்காரர்கள் கம்ப்யூட்டர் வழியாக நேர்காணல் வைத்தார்கள். மூன்று பேர். முனைவர் பட்டம் உண்டா என்று முதல் கேள்வி. இல்லை என்றேன். முன்னெல்லாம் 'மன்னிக்கவும், இல்லை' என்பேன், இந்தத் தடவை வெறும் இல்லை. பிறகு ஒரு பெண்மணி, எங்கள் முதலாண்டு மாணவர்கள் வாயே திறப்பதில்லை, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார். அவர்கள் யார், எத்தனை நாளாகப் பேசவில்லை, இதற்கு முன் என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மாள் பேச ஆரம்பித்தார், மற்ற இருவரும் குறுக்கே விழுந்து பேசினார்கள், என் நேரம் முழுவதும் அவர்களே பேசினார்கள். சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். எடுப்பார்களா, தெரியாது. எடுத்தால் என் பட்டத்தில் திரும்பவும் முத்திரை வாங்கச் சொல்வார்கள். வாங்குவேன்.

உன் நாலு அத்தியாயத்தை உன் பெயரிலேயே பைண்ட் செய்தாகிவிட்டது. ஐந்தாவதுக்கு வெற்றுத்தாள் வைக்கச் சொன்னேன். ஒன்று உன் வீட்டுக்காரருக்கு, ஒன்று எனக்கு. நான் எந்த நாட்டுக்குப் போனாலும் என்னோடு வரும், யாராவது என் முறை என்னவென்று கேட்டால் உன் பெயரைச் சொல்லித் திறந்து காட்டுவேன். அடிக்குறிப்பை மட்டும் விரலால் மறைத்துக்கொள்வேன்.

கரண்ட் வந்துவிட்டது. மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்து, அந்த வாசம் திரும்ப வருகிறது. கடைக்காரர் கேட்கிறார், "என்ன முடிவு பண்ணினிய? வேற நாட்டுக்குச் சீல் வேண்டாமா?"

"வேண்டாம். போடுங்க."

"அம்மையோட பேருதானா இது?"

"இல்ல. கூட்டுக்காரி."

அவர் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, பாதிச் சின்னம் போன அந்த மூலையைக் கட்டைவிரலால் நீவி நேராக்கினார். "பைய, பைய" என்று என் வாய் தானாகச் சொல்லிற்று. மெஷினுக்கு அந்தப் பக்கம் சூடாக வந்து விழுந்தது. நான் கிழித்த மூலை கிழிந்தபடியே இருக்கிறது, ஆனால் இனி மேற்கொண்டு கிழியாது. உன் வீட்டுச் சுவரில் மாட்டச் சொல்லப்போகிறேன். உப்புக்காற்று இதை ஒன்றும் செய்ய முடியாது, நீ தகுதியானவளா என்று கேட்டு எவனும் இதைத் திருப்பிப் போட்டு முத்திரை குத்தவும் முடியாது.

"ஒங்களுதும் இருந்தாத் தாங்க, சூட்டோட சூடாப் போட்டுருவோம்" என்றார் கடைக்காரர். என்னுடையது பையில்தான் இருந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, உள்ளேயே வைத்துக்கொண்டேன். குத்துகிறவர்கள் என்னுடையதில் குத்தட்டும் மக்கா. பின்பக்கத்தில் இன்னும் இரண்டு முத்திரைக்கு இடம் இருக்கிறது.